ஜேர்மன் மொழிப் பட்டம்: நுழைவாயிலும் நிறைவெல்லையும்

பட்டம் என்பது ஒரு கல்வியின் நிறைவைக் காட்டும் சான்று. எளிதான இவ்வுண்மை, இலங்கையில் அயல்மொழிக் கல்வி பற்றி ஆராயப்படும்போது பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகின்றது. ஒரு மொழியிற் பட்டம் பெற விரும்பும் மாணவர் உள்ளே வரும்போது அம்மொழியை எவ்வளவு அறிந்திருக்கின்றார் என வினவுவோர் பலர். வெளியே செல்லும்போது எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும் என வினவுவோர் சிலரே. ஜேர்மன் மொழிப் பட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகப் புலப்படும்.

களனிப் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் பட்டப் பாடமாக விளங்குகின்றது. க.பொ.த. உயர்தரப் பாடப்பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. ஆயினும் பட்டியலில் இடம்பெறும் பாடம் எல்லா வகுப்பறைகளிலும் இடம்பெற்று விடுவதில்லை. மிகச் சில பாடசாலைகளிலேயே ஜேர்மன் கற்பிக்கப்படுகின்றது. ஊற்றுக்களாற் பெயர்பெற்ற தண்ணீரூற்று, முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையை அடுத்துள்ளது. 1957 முதல் கோதே நிறுவகம் இயங்கிவரும் கொழும்போ அவ்வூரிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. உயர்தரத்தில் ஜேர்மன் பயின்றிருத்தல் வேண்டும் என்னும் விதி எங்கெல்லாம் விதிக்கப்படுகின்றதோ, அங்கெல்லாம் அவ்விதி மாணவரின் அறிவை அளப்பதில்லை. அவர் பிறந்த ஊரையே அளக்கின்றது.

முன்னறிவு இன்றி வருவோரைச் சேர்த்தால் பட்டத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்பர் ஒருசாரார். தமிழ் மொழியின் வரலாறே இதற்கு விடை கூறும். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு அப்போது இளைஞர். தமிழில் ஓரெழுத்தும் அறியாத அவர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். பத்தாண்டுகள் கழிந்து 1716 இல், இலத்தீனில் அவர் எழுதிய தமிழிலக்கண நூல் ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. பிந்தித் தொடங்கியமை அவருடைய புலமைக்குத் தடையாயிற்றா? பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஜேர்மனை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோரைப் பட்ட வகுப்பிற் சேர்த்துக் கொள்கின்றன. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிற்றுகள் வேண்டும். ஒரு கிரெடிற் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். எனவே மொத்தம் 6,000 மணித்தியாலங்கள். முதலாண்டு முழுவதையும் மொழிப் பயிற்சிக்கே ஒதுக்கினாலும் 4,500 மணித்தியாலங்கள் எஞ்சும். காலம் போதாது என்னும் வாதம் இக்கணக்கின் முன் நில்லாது.

இன்னொரு சாரார், வன்னி மாணவருக்கு ஜேர்மனிற் பட்டம் எதற்கு, பயணத்திற்கு வேண்டிய சான்றிதழ் போதாதா என்பர். வன்னிக்கு ஜேர்மனி அறியாத நாடன்று. 1980களிற் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனியை அடைந்து அடைக்கலம் கோரிய ஈழத்தமிழர் பலர். 2007 முதல், அங்கு வாழும் கணவனையோ மனைவியையோ சேரச் செல்பவர் பொதுவாக ‘ஏ1’ என்னும் தொடக்கநிலைத் தேர்விற் சித்தியடைதல் வேண்டும். அத்தேர்வு இழிந்ததன்று, குடும்பங்களைச் சேர்த்து வைப்பது அது. ஆனால் கடைக்குச் செல்லவும் படிவம் நிரப்பவும் உதவும் மொழியே வன்னிக்குப் போதும், கவிதையும் மெய்யியலும் கொழும்புக்கே உரியன எனப் பங்கிடுவது எவ்வகை நீதி?

உண்மையில், ஜேர்மன் இலக்கியத்தின் ஒரு பகுதியைத் தண்ணீரூற்று மாணவி பிறரினும் ஆழமாக உணரவல்லவள். 1945 இல் நகரங்கள் இடிந்து கிடந்த ஜேர்மனியில் ‘இடிபாட்டு இலக்கியம்’ என ஒன்று தோன்றியது. போரிலிருந்து மீண்டவனுக்குத் திறக்க ஒரு கதவும் இல்லாமையை வொல்ஃப்காங் போர்ஹெர்ட் 1947 இல் நாடகமாக்கினார். போரையும் வீடு திரும்புதலையும் இடிபாடுகளையும் எழுதுவதைப் பழித்தோருக்கு எதிராக ஹைன்ரிஹ் பேல் 1952 இல் கட்டுரை வரைந்தார். 1972 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1990 இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையும், 2009 இல் முடிந்த போரின் இறுதிக்கட்டத்தில் எஞ்சியோரும் இடம்பெயர்ந்ததையும் கண்ட ஊர் தண்ணீரூற்று. அவ்வூரார் இந்நூல்களைப் படிக்க அகராதியின் துணை வேண்டியிருக்கலாம். உரையாசிரியரின் துணை வேண்டியதில்லை.

நுழைவாயில் அகலவேண்டும் என்பது நிறைவெல்லை தளரவேண்டும் என்பதாகாது. மாறாக, அது இறுகவேண்டும். பட்டம் முடிப்பவர் ‘சீ1’ என்னும் உயர்நிலைத் தேர்ச்சியை எய்தியிருத்தல் வேண்டும். லெசிங், கோதே, ஹைனே, காஃப்கா, பிரெக்ட் ஆகியோரை மூலத்திற் பயின்றிருத்தல் வேண்டும். பழைய இலக்கணமும் இலக்கியமும் கல்லாதவருக்குத் தமிழ்ப் பட்டம் வழங்கத் தமிழ்த்துறை உடன்படுமா? அவ்வாறே இடைக்கால ஜேர்மனின் சுவையும் மொழிவரலாறும் அறியாதவருக்கு ஜேர்மன் பட்டம் பொருந்தாது. மூலநூல்களை ஆதாரமாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரையும் இன்றியமையாதது.

இவற்றோடு இன்னொன்றும் கட்டாயமாதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு ஜேர்மன் படைப்பைத் தம் தாய்மொழியில், தமிழராயின் தமிழில், சிங்களவராயின் சிங்களத்தில், குறிப்புரையுடன் பெயர்த்தளித்தல் வேண்டும். கார்ல் கிரௌல் 1856 இல் திருக்குறளை ஜேர்மனில் வெளியிட்டார். தமிழிலிருந்து அவர் பெற்றதைத் தம் மக்களிடம் சேர்த்தார். காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ. வி. தனுஷ்கோடி ஜேர்மனிலிருந்து நேரே தமிழுக்குத் தந்தார். இத்தகையோர் மிகச் சிலராதலின், ஜேர்மன் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழை அடைகின்றன. தாய்மொழிக்கு ஒரு நூலும் கொணராத அயல்மொழிப் பட்டம், பெற்றவர்க்குப் பயன்படலாம். அவரைப் படிப்பித்த மக்களுக்குப் பயன்படாது. மொழிபெயர்ப்பை மதிப்பிட ஜேர்மன் துறையில் தமிழறிந்தார் இல்லையெனின், தமிழ்த்துறைகளின் துணையை நாடலாம். அது தமிழ்த்துறைக்கும் நன்மையே.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் ஜேர்மன் உதவியுடன் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. வவுனியா 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஜேர்மன் தொழில்நுட்பம் வன்னிக்கு வரக்கூடுமாயின், ஜேர்மன் பட்டத்திற்கான அடிப்படை வகுப்பு வரலாகாதா? தொடக்கத்தில் ஓர் ஆசிரியரும் ஒரு சிறு நூல்நிலையமும் போதும். பாடத்திட்டம் வகுப்போர் சிந்திக்கவேண்டியது ஒன்றே: மாணவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதைக் கொண்டு அவரைத் தடுத்தலாகாது, எங்கு வந்து சேர்ந்தார் என்பதைக் கொண்டே பட்டமளித்தல் வேண்டும்.