முதலில் சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கேட்டில் ‘டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை’ என்ற பலகை வருடம் முழுக்கத் தொங்குகிறது. “ஆளே கிடைப்பதில்லை” என்கிறார்கள் முதலாளிகள். ஏற்றுமதி ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். நான் பார்த்தவரை ஆட்கள் வருகிறார்கள், வந்தவர்கள் தங்குவதில்லை. அவர்களைத் தங்கவைக்க வேண்டிய மனிதவளத் துறை, தன் பணத்தையும் நேரத்தையும் தவறான இடத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

வேலையை விட்டு நிற்பவர்களிடம் ஒரு படிவம் எழுதி வாங்குவோம். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’, ‘ஊருக்குப் போகிறேன்’, ‘கல்யாணம்’ என்றுதான் இருக்கும். கணக்கு முடிக்க வரும்போது உட்காரவைத்து, டீ கொடுத்துப் பேசினால் வேறு கதை வெளியே வரும். “டார்கெட்டுக்கெல்லாம் பயமில்லீங்க மேடம், அந்தாளு வாய்க்குத்தானுங்க பயம்” என்றார் ஒரு பவர்டேபிள் டெய்லர். பாத்ரூம் போய்த் திரும்பினால் கடிகாரத்தைப் பார்ப்பது, ஒரு பீஸ் ஆல்டர் ஆனால் லைனே பார்க்கத் துணியை வீசுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் “அப்படியே நின்னுக்கோ” என்பது. சம்பளம் பத்தாமல் போனவர்களும் உண்டு. ஆனால், அதே வாரச் சம்பளத்துக்கு அடுத்த தெருக் கம்பெனிக்கு மாறியவர்கள் ஏராளம். அவர்கள் மாற்றிக்கொண்டது சூப்பர்வைசரை.

யாரும் சொல்லித்தராத வேலை

பழியை சூப்பர்வைசர் தலையில் போட்டுவிட்டு நகர்வது நியாயமாகாது. நேற்றுவரை ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் அவர். கை வேகமானது, எல்லா மெஷினும் ஓட்டுவார் என்பதற்காக ஒரு லைனை ஒப்படைத்தார்கள். முப்பது நாற்பது பேரை எப்படி நடத்துவது, பிழையை எப்படிச் சொல்லித் திருத்துவது, அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டு அவர் கண்ணெதிரே தொங்குகிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைத் திட்டுகிறார். அவர் லைனைத் திட்டுகிறார். அவர் கற்ற நிர்வாகம் அவ்வளவுதான்.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். தீயணைப்பானைப் பிடிப்பது எப்படி, ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி ஒப்படைப்பது எப்படி என்றெல்லாம் வகுப்பு உண்டு. பதிவேட்டில் கையெழுத்தும் உண்டு. வெளிநாட்டு பையரின் ஆடிட் அந்தப் பதிவேட்டைக் கேட்கிறது, அதனால் நடக்கிறது. சூப்பர்வைசரின் நாக்கை எந்த ஆடிட்டும் பதிவேட்டில் பார்க்க முடியாது.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சான்று இருக்கிறது. பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் அச்யுதா அத்வர்யு உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தொழிலாளர்களுக்குப் பிறரிடம் பேசும் முறை, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையை அவிழ்ப்பது போன்றவற்றில் பயிற்சி தரப்பட்டது. தையல் பாடம் அதில் இல்லை. பயிற்சி முடிந்து எட்டு மாதங்களுக்குள் நிறுவனத்துக்குச் செலவைப் போல இரண்டரை மடங்கு நிகர ஆதாயம் திரும்பியது. இந்திய ஆடை ஆலைகளில் நடந்த இன்னொரு சோதனையில், எதிர்பார்த்த சம்பள உயர்வு கிடைக்காமல் ஏமாந்திருந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, சூப்பர்வைசர் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விடுவதும் வராமல் நிற்பதும் குறைந்தன. சம்பளத்துக்குப் பதிலாகக் காது கொடுத்தால் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. மனிதர்கள் மதிக்கப்பட்டால் நிலைக்கிறார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

புகார்ப்பெட்டியின் சாவி

எல்லா ஆலையிலும் புகார்ப்பெட்டி இருக்கிறது. சில இடங்களில் கேமராவுக்கு நேர் எதிரே இருக்கிறது. சீட்டு விழுந்தால், குற்றம் சாட்டப்பட்டவரிடமே கையெழுத்தைக் காட்டி ‘இது யார்?’ என்று கேட்கும் வழக்கத்தையும் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பெட்டியில் சாக்லேட் காகிதம்தான் விழும்.

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதற்கும் முன்பே, 1931-ல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம், வேலை கொடுக்க லஞ்சம் வாங்கிய மேஸ்திரிகளின் பிடியை உடைக்கத் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. இடைத்தரகனிடமிருந்து தொழிலாளியைக் காக்கப் பிறந்த பதவி இது. இன்றோ அந்த அலுவலர் காலையில் காலி மெஷினுக்கு ஆள் தேடுகிறார், மாலையில் ஆடிட் ஃபைல் அடுக்குகிறார். காண்ட்ராக்டர் அழைத்துவரும் ஒடிசா, பிகார் இளைஞர்களின் குறையைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, மொழியும் தெரியாது.

கேட்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் கண்டது. 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலையின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசரே கைதானார். அதன் பிறகு 2022-ல் தொழிற்சங்கமும் நிறுவனமும் பையரும் செய்துகொண்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து நிறுத்தியது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. ஏறத்தாழ எல்லாமே தீர்க்கப்பட்டன. பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவரிடமே சொல்லலாம், சொன்னதற்காகப் பழிவாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால் பெண்கள் பேசுவார்கள்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி, மகளிர் தினத்துக்கு டிபன் பாக்ஸ், ‘இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி’ புகைப்படம், கோட் போட்ட பேச்சாளரின் இரண்டு மணி நேர உரை – ஊக்கம் என்றால் மனிதவளத் துறைக்கு இவைதான் நினைவுக்கு வருகின்றன. கோலப்போட்டியை நானும் மகிழ்ச்சியோடு நடத்தியிருக்கிறேன். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால், மறுநாள் காலை எட்டரை மணிக்கு லைனில் விழும் முதல் வசவு அதை அழித்துவிடும். “இந்த பண்டில் நல்லா வந்திருக்குங்க” என்று சூப்பர்வைசர் சொல்லும் ஒரு சொல் அந்தப் பேச்சாளரின் உரையைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஆலை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது நான்கு. லைனைக் கையில் கொடுக்கும் முன் ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரமாவது பயிற்சி கொடுங்கள். அவருடைய இன்க்ரிமென்டை பீஸ் கணக்கோடு, அவர் லைனில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஏழு நாளில், தொழிலாளியின் மொழியில் பதில் கொடுங்கள். நல அலுவலரை புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே வைக்காமல், நேராக உங்களிடம் பேச விடுங்கள்.

கேட்டில் பலகையை மாட்டும் முன், கடந்த ஆறு மாதத்தில் எந்த லைனிலிருந்து எத்தனை பேர் நின்றார்கள் என்ற கணக்கை எடுங்கள். அதிகம் பேர் நின்ற லைனிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.