பொம்மை வருவதற்கு முன் யாருடைய உடம்பு?

டாக்டர்கள் யார் உடம்பில் தொழில் படித்தார்கள்? கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இங்கிலாந்தில் 1832இல் உடற்கூற்றுச் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதியில் செத்து, கேட்க நாதியில்லாமல் கிடந்தவர்களின் பிணங்கள் மருத்துவப் பள்ளிகளுக்குப் போயின. அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் மரியன் சிம்ஸ் என்ற டாக்டர் கத்தி பழகியது அனார்கா, பெட்சி, லூசி என்ற கறுப்பு அடிமைப் பெண்களிடம். மயக்க மருந்து கிடையாது. அனார்காவுக்கு மட்டும் முப்பது தடவை. அந்த ஆளுக்கு நியூயார்க் பூங்காவில் இருந்த சிலையை 2018இல்தான் எடுத்தார்கள்.

நம்ம ஊர் தர்மாஸ்பத்திரியிலும் பயிற்சி டாக்டர் முதல் ஊசியைக் குத்துவது காசில்லாதவன் கையில்தான். அதனால் பொம்மையை வரவேற்கிறேன். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் 'ரெசுஸி ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தார். இன்றைய பொம்மை மூச்சு விடுகிறது, நாடி துடிக்கிறது. குழாயை மூச்சுக்குழலில் விடாமல் உணவுக்குழலில் விட்டால் திரையில் ஆக்சிஜன் சரிகிறது, பொம்மை சாகிறது. எழுப்பி மறுபடி செய்யலாம். நம் ஆத்தாளை அப்படி எழுப்ப முடியாது.

2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கொரு திறன் கூடம் கேட்கிறது. நல்லது. ஆனால் பொம்மைக்குச் சாதி கிடையாது. எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு யாரும் அதைத் தொடுவதில்லை.

இன்னொன்று. பொம்மையின் திரையில் வாத்தியார் போடும் எண்தான் உண்மை. வார்டில் அப்படியில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கறுத்த தோல்காரர்கள் நாம். திரையை நம்பாதே, ஆளைப் பார் என்பதையும் பொம்மை முன்னால் சொல்லித்தர வேண்டாமா?

பூட்டிய ஏசி அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பதும் கேள்விதான். வராந்தாவில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் ஓடுவது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், வார்டு கூட்டுகிற அக்கா. பெரும்பாலும் நம் சேரி ஜனம், காண்ட்ராக்ட் கூலி. நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் இறங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த டாக்டர் பட்டம் எதுக்கு? அந்த அக்காவையும் பொம்மை முன்னால் மண்டி போட்டுப் பழக விடுங்கள். வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல்.