பழைய லாரிக்குப் புது உயிர்!
குறுக்கே நிற்கிறது புகைச் சட்டம்

அமெரிக்காவில் பல வீடுகளில் கார் ஷெட்டுக்குள் கார் இருப்பதில்லை. கார் வாசலில் வெயிலில் காய்கிறது. ஷெட்டுக்குள்ளே கழற்றிப் போட்ட பழைய லாரி ஒன்று கிடக்கிறது!

லாரி என்றதும் மூட்டை ஏற்றும் பெரிய லாரியை நினைக்க வேண்டாம். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. இதற்கு "பிக்கப்" என்று பெயர். வைக்கோல் கட்டு ஏற்ற விவசாயிக்கும், பலகை ஏற்றத் தச்சருக்கும் உதவிய வண்டி. 1925-ம் ஆண்டில் போர்டு கம்பெனி இதைப் பெட்டியுடன் செய்து 281 டாலருக்கு விற்றது. இன்றைய நிலை என்ன? 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனையான புதிய வண்டிகளின் சராசரி விலை 50 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

ஆகவே, தாத்தா ஓட்டிய பழைய பிக்கப்பைத் தேடிப் பிடித்து, வீட்டிலேயே பிரித்து, தன் மனம்போல் புதிதாகக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். விலைக்குப் பயந்து மட்டும் இதைச் செய்வதில்லை. கடையில் வாங்கியதைவிடத் தன் கையால் செய்ததற்குத் தனி மவுசு அல்லவா? இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்கள் காலத்தில் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் உடலைத் தூக்கிவிட்டு சேசிஸை மட்டும் தனியாக எடுக்கிறார்கள். இது தான் வண்டியின் முதுகெலும்பு. தரைத் தகடும், கதவுக்குக் கீழே உள்ள மூலைகளும் துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள்.

பழைய லாரியில் முன் சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரே இரும்பு ஆக்ஸில். அதன் மேல் கமான் பட்டை. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். அதை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைப் பொருத்துகிறார்கள். டிரம் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வருகிறது. செவர்லே லாரிகளில் 1955-க்கு முந்தியவை 6 வோல்ட் பாட்டரியில் ஓடியவை. அவற்றுக்கு ஒயரிங் முழுவதையும் மாற்றி 12 வோல்ட் ஆக்க வேண்டும். எஞ்சின்? விபத்தில் நொறுங்கிய ஒரு புதிய வண்டியிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினை வாங்கி உள்ளே இறக்கிவிடுகிறார்கள்!

வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தால் தான் அழகு என்பது இவர்கள் அபிப்பிராயம். அதற்காகப் பின்பக்கச் சேசிஸைப் பிறை வடிவில் வெட்டி, மேலே கனமான தகடு வைத்து வலுப்படுத்துகிறார்கள். ஆக்ஸில் அந்த இடைவெளியில் ஏறி இறங்கும். இந்த வெல்டிங் சரியில்லை என்றால் ஓடும்போதே சேசிஸ் முறியும். சிலர் கூரையை இரண்டு மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்துகிறார்கள். சிலர் கதவின் கைப்பிடியையே எடுத்துவிட்டு, ஓட்டையை மூடிப் பட்டி போட்டுத் தேய்த்து விடுகிறார்கள். பிறகு கதவை எப்படித் திறப்பது? மின்சாரப் பொத்தான் இருக்கிறது! இன்னும் சிலர் வெளுத்துப்போன பெயிண்டையும் துருவையும் அப்படியே விட்டு, அதன்மேல் மினுமினுக்கும் வார்னிஷ் பூசுகிறார்கள். வறுமைக் கோலத்துக்கு இத்தனை செலவு!

வீட்டில் செய்கிற வேலை என்பதால் ஆபத்தும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்து உயிர் விட்டவர்களும் உண்டு.

வீட்டில் ஸ்பானர் பிடிக்கலாமா?

கலிபோர்னியா மாநிலத்தில் சாக்ரமெண்டோ என்ற வட்டாரம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் உள்ள வீடுகளில் சில்லறைப் பழுது மட்டுமே பார்க்கலாம், பெரிய வேலை கூடாது, சாதாரணமாக வீட்டில் இல்லாத கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே விதி. 2019-ல் இந்தச் செய்தி பரவியதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. எண்ணெய் வழிவதும், சத்தமும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்பது அதிகாரிகள் வாதம். அது நியாயம் தான். ஆனால் எந்தக் கருவி வீட்டில் "சாதாரணமாக" இருக்கும் என்று யார் முடிவு செய்வது? தச்சர் வீட்டில் இருக்கும் கருவி வக்கீல் வீட்டில் இராதே!

ஒரு வருஷ வித்தியாசம்

இதைவிடப் பெரிய தகராறு புகையால் வந்தது. 1943-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகை மூட்டம் கவ்வியது. கண் எரிந்த ஜனங்கள், எதிரி நாட்டான் விஷவாயு வீசிவிட்டானோ என்று பயந்தார்கள். மோட்டார் புகை தான் பெரிய குற்றவாளி என்று பின்னால் தெரிந்தது. அதிலிருந்து கலிபோர்னியா இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பு.

முன்பு அங்கே 30 வருஷம் ஆன வண்டிக்குப் புகை சோதனை கிடையாது. வருஷத்துக்கு ஒரு மாடல் தானாக விடுதலை பெற்றுவந்தது. 2005-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 1975 வரை வந்த வண்டிகளுக்கு விலக்கு. 1976 முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு, மாநிலத்தின் பெரும்பகுதியில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சோதனை. செவர்லே பிக்கப் 1973 முதல் 1987 வரை ஏறக்குறைய ஒரே உருவம். 1975 லாரிக்காரர் கவலையின்றி உறங்குகிறார். 1976 லாரிக்காரர் எஞ்சினை மாற்றினால், புது எஞ்சின் அதே வருஷத்தது அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்குரிய புகை தடுப்புக் கருவிகள் அத்தனையும் வேண்டும். அரசாங்கம் நியமித்த மத்தியஸ்தர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

2025-ல் ஷானன் குரோவ் என்ற மேல்சபை உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். 35 வருஷத்துக்கு மேற்பட்ட, சேகரிப்பு வண்டியாக இன்ஷ்யூர் செய்யப்பட்ட வாகனங்களுக்கு சோதனை வேண்டாம் என்றது மசோதா. ஜே லெனோ என்ற டெலிவிஷன் நகைச்சுவையாளர் சட்டசபைக் குழுவின் முன் வந்து ஆதரவாகச் சாட்சி சொன்னார். அதனால் இதற்கு "லெனோ சட்டம்" என்றே பெயர். இவர் வெறும் பார்வையாளர் அல்ல. 2022 நவம்பரில் 1907-ம் வருஷத்து நீராவிக் காரைப் பழுதுபார்க்கும்போது தீப்பிடித்து முகத்திலும் கையிலும் காயம்பட்டவர்!

மேல்சபையில் மசோதா நிறைவேறியது. ஆகஸ்டு கடைசியில் கீழ்ச்சபையின் நிதிக் குழு அதை நிறுத்தி வைத்துவிட்டது. பழைய எஞ்சின் ஒரு மைலுக்குக் கக்கும் விஷம் புதிய எஞ்சினைப்போல் பல மடங்கு என்பது எதிர்ப்பாளர் வாதம். இவை மாதத்துக்கு ஒரு நாள் ஓடுபவை என்பது ஆதரவாளர் வாதம்.

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. பழைய லாரியில் நல்ல புகை வடிகட்டியுடன் புதிய எஞ்சின் வைத்தால், அது பிறந்த நாளில் விட்டதைவிடக் குறைவாகவே புகை விடும். அதைச் செய்கிறவருக்குச் சட்டம் என்ன சலுகை தருகிறது? இப்போதுள்ள விதியில், 35 வருஷத்துக்கு மேற்பட்ட சேகரிப்பு வண்டிக்கு, எஞ்சினருகே இன்ன கருவி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. குழாய்ப் புகையை அளக்கிறார்கள், பெட்ரோல் கசிவு பார்க்கிறார்கள். எல்லாப் பழைய வண்டிக்கும் இதுவே போதுமே! நுரையீரலுக்குத் தேவை சுத்தமான காற்று. கருவி எங்கே இருந்தால் என்ன?

கோழி வரி தெரியுமா?

வரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டன என்று கோபித்து, 1964-ல் அமெரிக்கா அயல்நாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை மறந்துவிட்டது, வரி மறையவில்லை. உள்ளூர்ப் பிக்கப்புகள் போட்டியின்றிக் கொழுத்தன. 2025-ல் இறக்குமதி இரும்புக்கு 50 சதவீதம், மோட்டார் உதிரிகளுக்கு 25 சதவீதம் என்று வரி வந்தது. பழைய லாரிகளுக்கான கதவுத் தகடுகளும் மட்கார்டுகளும் தைவானிலிருந்து நிறைய வருகின்றன. ஷெட்டில் வேலை செய்கிறவர் பையில் தான் கடைசியில் கை வைக்கிறார்கள்.

சிலர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2021-ல் போர்டு கம்பெனி 1978 மாடல் பிக்கப் ஒன்றில் மின்சார மோட்டார்களை வைத்துக் காட்டியது. அந்த மோட்டாரைத் தனியாக 3,900 டாலருக்கு விற்கவும் செய்தது. புகைக் குழாயே இல்லாத வண்டியில் சோதனைக்காரருக்கு என்ன வேலை? ஆனால் அந்த விலையில் பாட்டரி சேராது. மோட்டாரைவிடப் பாட்டரிக்குத் தான் செலவு அதிகம். ஆகவே விபத்தில் சிக்கிய மின்சாரக் கார்களின் பாட்டரிகளைத் தேடி, பழைய இரும்புக் கடைகளை மறுபடியும் சுற்றுகிறார்கள் ஷெட்டுக்காரர்கள்.