மூன்று விரல் பிரௌன்

குழந்தை ஒன்றுக்கு அங்கக் குறை நேர்ந்துவிட்டால், "ஐயோ பாவம், இவன் இனி எதற்கு உதவப் போகிறான்?" என்று பெரியவர்கள் அதன் காதுபடவே பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு அமெரிக்கப் பந்தாட்டக்காரர் ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

மார்டெகாய் பிரௌன் 1876-ம் வருஷம் இண்டியானா மாகாணத்தில் நைஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு பிராயத்தில், தீவனம் நறுக்கும் யந்திரத்தில் அவருடைய வலது கை சிக்கி, ஆள்காட்டி விரல் போயிற்று. சில வாரங்களுக்குள் கீழே விழுந்து மற்ற விரல்களையும் முறித்துக்கொண்டார். அவை கோணலாகவே கூடின. வாலிபத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார்.

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரின் சாமர்த்தியம் பெரும்பாலும் விரல்களில் அடங்கியிருக்கிறது. கிரிக்கெட்டில் போல் அங்கே பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. வரும் வழியிலேயே வளைந்து, அடிப்பவனை ஏமாற்ற வேண்டும். பிரௌனின் பந்தோ, குறைவிரலை உராய்ந்துகொண்டு விசேஷ வேகத்துடன் சுழன்று புறப்படும். அடிப்பவனை நெருங்கியதும் சடக்கென்று கீழே இறங்கிவிடும். அவன் பந்தின் தலையில் அடிப்பான்; அது தரையில் உருண்டு போகும்.

1904-ல் அவர் சிகாகோ கப்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். 1906 முதல் 1911 வரை வருஷந்தோறும் இருபதுக்குக் குறையாத வெற்றிகள்! 1908 அக்டோபர் 8-ந் தேதி, நியூயார்க்கில் நடந்த முடிவான பந்தயத்தில், சிகாகோவின் முதல் பந்தெறிபவர் ஆரம்பத்திலேயே தடுமாறினார். பிரௌன் இடையில் புகுந்து, புகழ்பெற்ற மாத்யூஸனுக்கு எதிராக 4-2 என்று ஜயித்துக் கொடுத்தார். அவ்வருஷம் சிகாகோ உலக சாம்பியன் பட்டமும் பெற்றது. அப்பட்டத்தை மறுபடி பெற கப்ஸ் கோஷ்டி 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

"யந்திரம் செய்த உபகாரம்தானே இது?" என்று சிலர் கேட்கலாம். நாம் அதை ஒப்பமாட்டோம். யந்திரத்தில் விரலிழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் பிரௌன் ஆகிவிடவில்லை. முதன்மையான பந்தயங்களில் அவர் கால் வைத்தபோது வயது 26. தமக்கு வாய்த்த கையைக்கொண்டு எறிந்து எறிந்து பழகிய வருஷங்களே அந்த வித்தையைக் கொடுத்தன.

மொத்தம் 239 வெற்றிகளை ஈட்டிய பிரௌன் 1948-ல் காலமானார். மறு வருஷம் பேஸ்பால் வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது.

பெற்றோர்களே, குறையுள்ள குழந்தை ஒரு காரியத்தைத் தன் வழியில் செய்து பார்க்கும்போது அவசரப்பட்டுக் கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள். சற்று அவகாசம் கொடுங்கள்.