ஏழு மணிச் சங்கு நம்ம ஊரிலும் ஊதட்டும்!



"கம்ப்யூட்டரும் செல்லும் வந்து பிள்ளைங்க படிப்பே போச்சு" என்று புலம்பாத வீடு இன்றைக்கு இல்லை. புலம்புகிறோமே தவிர, வைத்தியம் என்று வரும்போது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். லேப்டாப்பைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது! அதுவும் யாருடைய லேப்டாப்? பெரும்பாலும் மகளுடையது. மகன் மொட்டை மாடியில் செல்லோடு உட்கார்ந்திருந்தால் "ஆம்பளப் பிள்ளை, விடு" என்பார்கள். பொம்பளப் பிள்ளை பத்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டால் "உனக்கு அதுல அப்படி என்ன வேலை?" என்று கேள்வி. இந்த வைத்தியம் எனக்குச் சம்மதமில்லை.

2011 செப்டம்பர் 15-ந் தேதி, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற நம்ம பக்கத்துத் தாய் தகப்பன் வீட்டில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். நகை, நிலம், வீடு எதுவும் தன் பேரில் இல்லாத பெண் பிள்ளைக்கு, அவள் பேருக்கென்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த பொருள் அது. அதைப் பிடுங்குகிறபோது எதைப் பிடுங்குகிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு நிறைய வீடுகளில் நெட் கிடையாது. மிஞ்சிப் போனால் பென் டிரைவில் நாலு சினிமா, பத்துப் பாட்டு. படம் முடிந்தால் முடிந்தது, மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்போது எதுவுமே முடிவதில்லை. அங்கேதான் கோளாறு! 2018-லிருந்து வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூஆர் கோடு கட்டம் போட்டிருக்கிறது. பாடத்தைப் பார்க்கச் செல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது வகுப்பறையே செல்லுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து "பாடம்தாம்மா பாக்குறேன்" என்றால் நம்மால் மறுத்துப் பேச முடியவில்லை. ஒரு கணக்குப் பாடம் முடிகிற நேரத்தில் ஓரத்தில் பத்து வீடியோ எட்டிப் பார்க்கும். நாம் சும்மா இருந்தாலும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடும். தள்ளத் தள்ள அடி காணாமல் போய்க்கொண்டே இருக்கிறதே ஒரு பக்கம், அந்த முறையை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ரஸ்கின் என்கிற அமெரிக்கர். பின்னால் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தவரே வருத்தப்படுகிற பொருளைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, "மனசை அடக்கு" என்றால் எப்படிங்க?

நம்ம வட்டாரத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1980-களில் சிவகாசி, சாத்தூர் சுற்றுப்புற ஊர்களுக்கு விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஏற்றிவிட்ட தாய்மார்கள் இன்றும் நம்மிடையே பாட்டிகளாக இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. சட்டம், கோர்ட், பள்ளிக்கூடம், சத்துணவு என்று எத்தனையோ பேர் கூடித்தான் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு சாயங்கால நேரத்தை மீட்டுக் கொடுத்தார்கள். குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிற நமக்குத் தெரியாததா, ஒரு மணி நேரம் என்றால் என்ன விலை என்று? அந்த நேரம் இப்போது சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி ஆபீசும் செல்லும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. மீட்டது கைநழுவுகிறதே என்றுதான் சொல்கிறேன்.

சரி, என்னதான் செய்வது? மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்கான் என்று ஒரு கிராமம். (பேரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது!) கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் செல்லை விட்டு நகராததைப் பார்த்து, 2022 ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி ஊர்கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். தினமும் சாயங்காலம் 7 மணிக்குக் கோவிலிலிருந்து சங்கு ஊதும். ஊர் முழுக்க டிவியும் செல்லும் அணைய வேண்டும். மறுபடி 8.30 மணிக்குச் சங்கு ஊதினால் போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். முதலில் ஆண்கள் சிரித்தார்களாம். பெண்களைக் கூட்டிப் பேசியபோதுதான் காரியம் நகர்ந்திருக்கிறது. ஆஷா ஊழியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே மகாராஷ்டிராவில் யவத்மாள் மாவட்டத்து பன்சி கிராமம், 2022 நவம்பரில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் செல்லே தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. இரண்டில் எனக்கு வட்கான்தான் சரியென்று படுகிறது. பன்சியின் தடை பிள்ளைகளுக்கு மட்டும். அப்படி ஒரு தடை நம்ம ஊருக்கு வந்தால் முதல் பூட்டு எந்தப் பிள்ளைக்கு விழும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். சங்கு ஊதினால் அப்பாவுக்கும் ஊதுகிறது, அண்ணனுக்கும் ஊதுகிறது, மாமியாருக்கும் ஊதுகிறது. பக்கத்து வீட்டு டிவி ஓடாதபோது நம்ம வீட்டுப் பிள்ளையும் அடம் பிடிக்காது. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளையைப் பார்த்து "படி, படி" என்றால் அது எந்த ஊர் நியாயம்?

நமக்கு 7 மணி ஒத்துவருமா என்று கேட்பீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, உலை வைக்கவே அந்த நேரம் ஆகிவிடும். ஏழரையிலிருந்து ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கூலிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள் வேலையை நிறுத்த வேண்டாம். கை வேலை செய்யட்டும், எதிரே சாய்த்து வைத்திருக்கிற செல் மட்டும் ஓயட்டும். ஆபத்து அவசரத்துக்குப் போன் வந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை.

லேப்டாப்பை அந்த நேரத்திலும் மூடச் சொல்ல மாட்டேன். நெட்டை மட்டும் அணைத்தால் போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பாடப்புத்தகம் எல்லாமே இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் வாரம் முழுக்க நெட் இல்லாமலே படிக்கலாம், தட்டச்சுப் பழகலாம், கணக்குப் போடலாம். நெட் போட்டே ஆக வேண்டுமென்றால் யூடியூபில் அடுத்தது தானாக ஓடாமல் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கி வையுங்கள். லேப்டாப் உள்ளறையில் வேண்டாம், நடு வீட்டில் இருக்கட்டும். இது மகனுக்கும் சேர்த்துத்தான்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷத்தில் 20 லட்சம் என்று அறிவித்திருக்கிறார்கள். இன்னும் நிறைய வீட்டுக்கு வரப்போகிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு என்று மனுக் கொடுக்கிறோமே, அதோடு இதையும் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் சுய உதவிக் குழுவில் பேசிவிடுவது நல்லது. பெண்கள் ஒத்துக்கொண்டால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. எங்கள் ஊரில் பேச்சு எடுத்தாயிற்று. சங்கு கோவிலிலா, பள்ளிக்கூடத்திலா, எத்தனை மணிக்கு என்பதில்தான் இன்னும் இழுபறி. ஏழரை சீரியலை விட மனசில்லாத இரண்டு பேர் எட்டு மணி என்கிறார்கள்.

— ஒரு வாசகி, ஆனைக்குட்டம்