கம்பெனி கார் லீஸா, கார் அலவன்ஸா? வரி மிச்சத்துக்காக மட்டும் சாவி வாங்காதீங்க



நிதியாண்டு தொடங்கும்போது ஹெச்.ஆர்.கிட்ட இருந்து ஒரு மெயில் வரும். ‘ஃபிளெக்ஸி பெனிஃபிட் பிளான் ஓபன் ஆகியிருக்கு, உங்க ஆப்ஷனைத் தேர்வு செய்யுங்க.’ அதில் ஒரு வரி கார் லீஸ். அதை வேண்டாம்னு சொன்னா, அதே தொகை அலவன்ஸா சம்பளத்தோட சேர்ந்து வரும், வரி பிடிச்சுக்கிட்டு. பக்கத்து சீட் நண்பர் சொல்வார்: “லீஸ் போடு மச்சான், முப்பது பர்சன்ட் தள்ளுபடியில கார் கிடைச்ச மாதிரி.”

அந்த முப்பது பர்சன்ட் உங்களுக்குக் கிடைக்குமா? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்குத்தான்.

முதல்ல ஒரு கதை. என் கிளையன்ட் ஒருத்தர், ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை, வருஷம் 18 லட்சம். நாலு வருஷ லீஸ்ல கார் எடுத்தார். பதினெட்டாவது மாசம் வேலை போச்சு. கணக்கு முடிக்கிற பேப்பர்ல லீவு பணம், நோட்டீஸ் சம்பளம் எல்லாம் வரவில் இருந்தது. அதுக்குக் கீழே செலவில் ஒரே ஒரு வரி: லீஸ் ஃபோர்குளோஷர், ஏழு லட்சத்துக்கு மேல. என்கிட்ட போன்ல சொன்னார்: “கார் கம்பெனியோடதுதானே சார், திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சதுன்னு நினைச்சேன்.”

முடியலை. அப்பாவோட ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சு காரை எடுத்தார், பிறகு வித்தார். கட்டின தொகைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல நஷ்டம். பதினெட்டு மாசத்துல அவர் மிச்சம் பிடிச்ச வரியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சொந்தமா லோன் போட்டு வாங்கியிருந்தாலும் கடன் பாக்கி இருந்திருக்கும், அதை மறைக்கல. ஆனா யாரும் ஒரே நாள்ல மொத்தமா கேட்டிருக்க மாட்டாங்க. சேமிப்பிலிருந்து மாசா மாசம் இ.எம்.ஐ. கட்டிக்கிட்டே அடுத்த வேலை தேடியிருக்கலாம்.

வரிச் சலுகை எங்கிருந்து வருது?

கம்பெனி சொந்தமா வாங்கின கார் அல்லது லீஸுக்கு எடுத்த கார் உங்க கையில் இருக்கு. ஆபீஸ் வேலை, சொந்த வேலை ரெண்டுக்கும் ஓடுது. செலவு முழுக்க கம்பெனி பார்த்துக்குது. இந்த மாதிரி சூழ்நிலையில், உண்மையான செலவு எவ்வளவா இருந்தாலும், உங்க வருமானத்தில் சேருவது ஒரு நிலையான தொகை மட்டும்தான். என்ஜின் 1.6 லிட்டர் வரை மாசம் 1,800 ரூபாய். அதுக்கு மேல 2,400. டிரைவரும் கொடுத்தா கூடுதலா 900. இது 2025-26 நிதியாண்டில் இருந்த கணக்கு. புதிய வரி முறையிலும் இது பொருந்தும், அதனாலதான் இப்போ இவ்வளவு பேச்சு.

ஒரு எச்சரிக்கை. கார் முழுக்கச் சொந்த உபயோகத்துக்கு மட்டும்னா இந்த 1,800 கணக்கு கிடையாது. செலவு முழுக்க உங்க வருமானம். வீட்டிலிருந்தே வேலை, காரில் போவது கோயிலுக்கும் மாமியார் வீட்டுக்கும் மட்டும்னா, லீஸ் படிவத்தில் எதுக்குக் கையெழுத்து போடுறோம்னு ஒரு தடவை படிங்க.

அலவன்ஸ்? அது நேரடியா சம்பளம். ‘கன்வேயன்ஸ்’னு பேர் போட்டிருந்தா வரி இல்லைன்னு இன்னும் பலர் நம்புறாங்க. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வர மாசம் 1,600 ரூபாய்க்கு விலக்கு இருந்த காலம் 2018-லேயே முடிஞ்சது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு தொடருது. விற்பனை, சர்வீஸ் மாதிரி வெளியில் அலையும் வேலையில், ஆபீஸ் வேலைக்காக நிஜமா செலவு செய்த அளவுக்கு விலக்கு உண்டு. பில்லும் பயணக் குறிப்பும் இருக்கணும்.

கணக்குப் போடுவோம்

ஆன்ரோடு 10 லட்ச ரூபாய் கார், என்ஜின் 1.6 லிட்டருக்குக் கீழ்.

லீஸ்: ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 28,000. நாலு வருஷத்துக்கு 13,44,000. முடிவில் காரை நம்ம பேருக்கு மாத்த 2,00,000. மொத்தம் 15,44,000.

சொந்தமா: 10 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, நாலு வருஷம். இ.எம்.ஐ. 24,885. மொத்தம் 11,94,480. இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு வருஷம் 30,000 வைங்க. மொத்தம் 13,14,480.

பெட்ரோல் மாசம் 6,000, ரெண்டுக்கும் ஒண்ணுதான். எண்கள் எடுத்துக்காட்டுதான், உங்க கோட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க.

வரியைப் பார்க்காம பார்த்தா லீஸ் 2,29,520 ரூபாய் அதிகம். லீஸ் ஒப்பந்தத்தில் ‘வட்டி’ன்னு எழுதியிருக்காது, வாடகைக்குள்ள இருக்கும். வாடகைமேல ஜி.எஸ்.டி. வேற. பொதுவா இந்த மாதிரி கார்களுக்குக் கம்பெனியால் அந்த ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டா எடுக்க முடியாது. அதனால அதுவும் உங்க சி.டி.சி.யில்தான் விழும்.

இப்போ வரி, 2025-26 கணக்குப்படி. வாடகையும் பெட்ரோலும் சேர்த்து வருஷம் 4,08,000 உங்க சம்பளத்திலிருந்து விலகுது. பதிலுக்கு 21,600 வருமானமா சேருது. அதாவது 3,86,400 ரூபாய்க்கு வரி இல்லை. புதிய வரி முறை, 75,000 நிலையான கழிவு, செஸ் எல்லாம் சேர்த்து மூணு பேருக்குப் பார்ப்போம். சம்பளம் நாலு வருஷமும் மாறலைன்னு வெச்சுக்குவோம்.

சம்பளம் 30 லட்சம்: வருஷம் 1,20,557 வரி மிச்சம். நாலு வருஷத்தில் 4,82,227. லீஸோட கூடுதல் செலவைக் கழிச்சா நிகர லாபம் 2,52,707. மாசம் சுமார் 5,265.

சம்பளம் 18 லட்சம்: வருஷம் 66,778 மிச்சம். நாலு வருஷ நிகர லாபம் 37,594. மாசம் 783 ரூபாய்.

சம்பளம் 15 லட்சம்: வருஷம் 97,500 மிச்சம். நிகர லாபம் 1,60,480. மாசம் சுமார் 3,343.

கடைசி வரி தப்பா டைப் ஆகலை. 15 லட்சக்காரருக்கு 18 லட்சக்காரரை விட லாபம் அதிகம். ஏன்னா, லீஸ் போட்டதும் அவரோட வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குக் கீழ வந்துடுது. ரிபேட் கிடைச்சு வரியே பூஜ்யம்.

அப்போ 15 லட்சக்காரர் கண்ணை மூடிக்கிட்டு லீஸ் எடுக்கலாமா? என் கருத்து, வேண்டாம். ரெண்டு காரணம். ஒண்ணு, மாசம் 1,25,000 சம்பளத்தில் 34,000 காருக்கே போகுது, கால்வாசிக்கு மேல. ரெண்டாவது, பத்து சதவீத ஹைக் ரெண்டு தடவை வந்தா அவரும் 18 லட்சத்தைத் தாண்டிடுவார். லாபம் சுருங்கிடும், லீஸ் மட்டும் அப்படியே ஓடும். வரிதான் கவலைன்னா முதல்ல கம்பெனி மூலமா என்.பி.எஸ். கேளுங்க. புதிய முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. அடிப்படை 7.5 லட்சம்னா 1,05,000. அந்தப் பணம் உங்க பேரில் வளரும். கார் தேயும்.

18 லட்சக்காரருக்கு? மாசம் 783 ரூபாய்க்காக நாலு வருஷம் ஒரே கம்பெனியோட கட்டிப்போட்டுக்கிறது எனக்குச் சரியா படலை. அதிலும் பாதியை வேற வழியில் வாங்கலாம். கார் உங்க பேரிலேயே இருக்கட்டும். ஆபீஸ் வேலைக்கும் ஓடுற காருக்குக் கம்பெனி பெட்ரோல், பராமரிப்பு பில்லை ரீஇம்பர்ஸ் பண்ணினா, 2025-26 கணக்குப்படி அதே 1,800 அல்லது 2,400 வரை மாசாமாசம் வரி இல்லை. அதுக்கு மேல போறதுதான் வருமானம். இவருக்கு இதுல மட்டும் மாசம் சுமார் 374 ரூபாய் வரி மிச்சம். லீஸுக்கும் சொந்தக் காருக்கும் மிஞ்சுற வித்தியாசம் 409 ரூபாய். ஒரு தடவை குடும்பத்தோட டிபன் சாப்பிடுற பில்.

கணக்கில் வராத செலவுகள்

வேலை மாறுறது. இருபதுகளில் இருக்கிற யாரும் நாலு வருஷம் ஒரே இடத்தில் இருப்பேன்னு எழுதிக் கொடுக்க மாட்டாங்க. லீஸ் உங்களை எழுதிக் கொடுக்க வைக்குது. புது கம்பெனி அதே லீஸை ஏத்துக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு லீஸ் நிறுவனத்தோட ஒப்பந்தம் வெச்சிருக்கும்.

ஹோம் லோன். சம்பளச் சீட்டில் மாசம் 34,000 குறைஞ்சு தெரியும். வங்கி அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தகுதி கணக்கிடும். ரெண்டு வருஷத்தில் ஃபிளாட் வாங்குற எண்ணம் இருந்தா இதை யோசிங்க.

சட்டம் மாறுறது. இந்த 1,800, 2,400 தொகைகள் 2009-லிருந்து 2025-26 வரை அப்படியே இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதோட சேர்ந்து புதிய விதிகளும். நீங்க போடுற கையெழுத்து நாலு வருஷத்துக்கு, அரசு தொகையை நடுவில் மாத்தலாம். உதாரணத்துக்கு, 1,800 என்பது 5,000 ஆனா, 18 லட்சக்காரரோட 783 ரூபாய் லாபம் 300-க்கும் கீழ போயிடும். 30 லட்சக்காரருக்கு மாசம் சுமார் ஆயிரம் குறையும், அவர் தாங்குவார்.

அப்போ யார் லீஸ் எடுக்கலாம்?

வரிக்குரிய வருமானம் 24 லட்சத்துக்கு மேல, லீஸ் தொகை முழுக்க 30 சதவீத அடுக்கில் விழணும். கார் எப்படியும் வாங்கப் போறீங்க, ஆபீஸ் வேலைக்கும் ஓட்டுவீங்க. அடுத்த நாலு வருஷம் இங்கேயேன்னு ஓரளவு நம்பிக்கை இருக்கு. இது மூணும் இருந்தா தாராளமா எடுங்க, நான் தடுக்க மாட்டேன்.

ஆனா கையெழுத்துக்கு முன்னாடி ஹெச்.ஆர்.கிட்ட நாலு கேள்வி, பதில் மெயில்ல வரணும். நான் ராஜினாமா செய்தா எவ்வளவு கட்டணும்? கம்பெனியே என்னை அனுப்பினாலும் அதேதானா? முடிவில் காரை என்ன விலைக்கு, யார்கிட்ட வாங்கணும்? விபத்தில் கார் முழுசா போனா, இன்ஷூரன்ஸ் கொடுக்கிறதுக்கும் லீஸ் பாக்கிக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் யார் தலையில்? என் கிளையன்ட் ரெண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தா போதும்.

மத்தவங்களுக்கு என் தீர்ப்பு: அலவன்ஸை வாங்குங்க, வரியைக் கட்டுங்க. 18 லட்சக்காரர் அந்த 4,08,000 ரூபாயைப் பணமாவே வாங்கினா, வரி போக மாசம் சுமார் 28,000 கையில் வரும். கார் வேணும்னா அதில் ஒரு சின்ன காரோ செகண்ட் ஹேண்ட் காரோ உங்க பேரில் வாங்கலாம். வேண்டாம்னா பைக், மெட்ரோ, மழை நாளில் ஆட்டோ. ஆபீஸ் கேப் இருந்தா இன்னும் நல்லது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர கம்பெனி கொடுக்கிற வண்டிக்கு வரியே கிடையாது, இதை ஒரு சலுகையாவே யாரும் நினைக்கிறதில்லை. மிச்சத்தை முதல்ல ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியா சேருங்க.

வரி கட்டுறது வலிக்கும், எனக்கும்தான். ஆனா ஒரு ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க அஞ்சு ரூபாய் செலவு செய்யுறது சேமிப்பு இல்லை. கார் தேவைன்னா வாங்குங்க. வாங்கும்போது எந்த வழி மலிவுன்னு பாருங்க. இந்த வரிசையைத் தலைகீழாக்கினா லாபம் லீஸ் நிறுவனத்துக்குத்தான்.

உங்க சம்பளச் சீட்டையும் லீஸ் கோட்டேஷனையும் பக்கத்தில் வெச்சுக்கிட்டு, மேல சொன்ன எண்களுக்குப் பதிலா உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. அரை மணி நேரம் ஆகும். எக்ஸெல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் செய்து காட்டுறேன். இது பொதுவான விளக்கம்தான். பெரிய முடிவு எடுக்கும் முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க.