சோம்பல் அல்ல, சோகை!

"பத்தாவது படிக்கிறா அக்கா, புஸ்தகத்தைத் தொட்டாலே தூக்கம். படி ஏறினால் மூச்சு வாங்குதாம். சரியான சோம்பேறி!" என்று அலுத்துக்கொண்டாள் அடுத்த வீட்டுக்காரி. மகளின் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "முதல்லே ரத்தம் பார்த்துட்டு வா" என்று அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9 கிராம்தான்! இந்த வயதுப் பெண்ணுக்கு 12-ஆவது இருக்க வேண்டும்.

உடம்பு வளருகிற வயசு, மாதவிலக்கு வேறு. இரும்புச் சத்து எப்படி மிஞ்சும்? பள்ளியில் வாரம் ஒன்றாகத் தரும் நீல மாத்திரைகள் அவள் பையிலேயே கிடந்தன. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயமாம்! அது மாத்திரையின் இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டபின் விழுங்கினால் வயிற்றைப் புரட்டாது. சோகை வந்துவிட்டால் வாரம் ஒன்று போதாது. டாக்டர் இவளைத் தினமும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்.

சமையலில் முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, எள்ளுருண்டை சேருங்கள். அசைவக்காரர்கள் ஈரல் சமைக்கலாம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். காபி, டீ அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். கொக்கிப் புழுவும் ரத்தத்தை உறிஞ்சும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை, வெளியே போனால் காலில் செருப்பு அவசியம்.

விலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். அம்மாக்கள் நாம்தான் கேட்க வேண்டும்.